அறிக்கையில் எண் இருக்கிறது, குறிப்பில் நோய் இல்லை: ஆண் மலட்டுத்தன்மைக்கு என்46-இல் எந்தக் கோடு?

யூராலஜி மேசை (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். அமெரிக்க யூராலஜி கிளினிக்குகளின் வெளிநோயாளர் சார்ட்டுகளுக்கு மூன்று ஆண்டுகளாகச் சென்னையில் கோடிங் செய்து வருகிறேன்; அதாவது மருத்துவர் எழுதிய நோய்களைக் காப்பீட்டுக் கோரிக்கைக்காக ஐசிடி-10-சிஎம் என்ற அமெரிக்க நோய் வகைப்பாட்டின் குறியீடுகளாக (கோடுகளாக) மாற்றும் வேலை. அதில் ஆண் மலட்டுத்தன்மைக்கான வரிசைதான் என்46. சென்ற வார ஆடிட்டில் ஒரே சார்ட்டில் எனக்கு இரண்டு பிழைகள் விழுந்து, என் மாதச் சராசரி 95 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கிவிட்டது. மறுப்பு எழுத இரண்டு நாள் அவகாசம் இருக்கிறது. எழுதுவதற்கு முன்பு, பிழை உண்மையிலேயே என்னுடையதுதானா என்று உங்களிடம் கேட்டுத் தெளிந்துகொள்ள விரும்புகிறேன்.

சார்ட் இதுதான். நோயாளியை அடையாளம் காட்டக்கூடிய எதையும் எழுதவில்லை. வயதையும் எண்களையும் சற்று மாற்றியிருக்கிறேன். முப்பதுகளின் நடுவில் இருக்கும் ஒருவர், ஒன்றரை ஆண்டாக முயன்றும் மனைவி கருத்தரிக்கவில்லை என்று வருகிறார். உடல் பரிசோதனையில் இடப்பக்கம் இரண்டாம் நிலை வெரிகோசீல் (விரைப்பைச் சிரைகளின் புடைப்பு) இருப்பதாக மருத்துவர் எழுதியிருக்கிறார். இணைப்பாக இரண்டு விந்துப் பரிசோதனை அறிக்கைகள் உள்ளன. ஒன்றில் மில்லிலிட்டருக்கு 60 லட்சம் விந்தணுக்கள், மற்றொன்றில் 75 லட்சம். மருத்துவரின் முடிவுப் பகுதியில் இரண்டே வரிகள்: ஒன்று மலட்டுத்தன்மை, இரண்டு இடப்பக்க வெரிகோசீல். திட்டம் என்ற தலைப்பின் கீழ், ஹார்மோன் பரிசோதனை செய்ய வேண்டும், வெரிகோசீல் அறுவை பற்றி அடுத்த வருகையில் பேச வேண்டும் என்று உள்ளது.

எண்ணிக்கை குறைவு என்பது அறிக்கையிலேயே தெரிகிறது, வெரிகோசீலும் இருக்கிறது, அறுவை பற்றிய பேச்சும் இருக்கிறது. எனவே விரைக்கு வெளியேயுள்ள பிற காரணத்தால் வரும் ஒலிகோஸ்பெர்மியா (விந்தணு எண்ணிக்கைக் குறைவு) என்ற பொருளில் என்46.129, அதனுடன் வெரிகோசீலுக்கு ஐ86.1, கருவளப் பரிசோதனைக்காக இசட்31.41 என மூன்று கோடுகளை இட்டேன். ஆடிட்டர் முதல் கோட்டை என்46.9 என்று மாற்றிவிட்டு, இசட்31.41-ஐ அடித்துவிட்டார். 60 லட்சம் என்று கண்ணுக்கு எதிரே எழுதியிருக்கும்போது, குறிப்பிட்ட காரணம் எதையும் சொல்லாத என்46.9-ஐ இடுவது எப்படிச் சரியாகும்?

(கோடுகளின் ஆங்கில எழுத்துகளையும் தமிழிலேயே எழுதியிருக்கிறேன். என்46-ஐ யாரும் 'என்னுடைய 46' என்று படித்துவிட வேண்டாம்.)

கோவை ஆடிட்டர்

தம்பி, உங்கள் ஆடிட்டர் சொன்னதே சரி. மறுப்பு எழுதினாலும் நிற்காது. ஆனால் காரணத்தைப் புரிந்துகொண்டால் அடுத்த நூறு சார்ட்டுகளுக்கு உதவும் என்பதால் சற்று விரிவாக எழுதுகிறேன்.

கோடர் நோயைக் கண்டுபிடிப்பதில்லை. மருத்துவர் கண்டதாக எழுதியதைக் கோடாக மாற்றுகிறார். 60 லட்சம் என்பது ஓர் அளவீடு. அந்த அளவீட்டுக்கு ஒலிகோஸ்பெர்மியா என்ற பெயரைச் சூட்டும் உரிமை சிகிச்சை தரும் மருத்துவருக்குத்தான் உண்டு. ஹீமோகுளோபின் 9 என்று அறிக்கையில் இருப்பதைப் பார்த்து நாம் அனீமியா கோடு போடுவதில்லை அல்லவா, அதே விதிதான் இங்கும். எக்ஸ்-ரே, திசுப் பரிசோதனை போன்றவற்றை ஒரு மருத்துவர் படித்து, இறுதி அறிக்கையில் நோயின் பெயரை எழுதியிருந்தால், வெளிநோயாளர் கோடிங்கில் அதை எடுத்துக்கொள்ள வழிகாட்டு நெறி இடம் தருகிறது. ஆனால் விந்துப் பரிசோதனை அறிக்கை பெரும்பாலும் ஆய்வகப் பணியாளர் எண்ணி எழுதிக் கையெழுத்திட்ட தாள். அதன் ஓரத்தில் கணினி தானாக அச்சிட்ட 'குறைவு' என்ற சொல்லை மருத்துவரின் முடிவாகக் கொள்ள முடியாது.

இரண்டாவது தடை இதைவிடப் பெரியது. மருத்துவர் ஒலிகோஸ்பெர்மியா என்றே எழுதியிருந்தாலும்கூட உங்களுக்கு என்46.129 கிடைத்திருக்காது. அந்தக் குடும்பத்தின் தலைப்பிலேயே 'காரணமாக' என்ற சொல் இருக்கிறது. வெரிகோசீலால்தான் எண்ணிக்கை குறைந்தது என்று மருத்துவர் இணைத்து எழுத வேண்டும். இரண்டு நோய்களைத் தனித்தனி எண்ணிட்டு ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினால் அது இணைப்பு ஆகாது. அப்படிப்பட்ட நிலையில் என்46.11, அதனுடன் ஐ86.1 என்பதோடு நாம் நிற்க வேண்டும்.

இசட்31.41 குறித்து: இசட்31 பிரிவின் தலைப்பின் கீழே உள்ள எக்ஸ்க்ளூட்ஸ்1 குறிப்பை, அதாவது சேர்த்து இடக் கூடாத கோடுகளின் பட்டியலைத் திறந்து பாருங்கள். ஆண் மலட்டுத்தன்மை என்46 அங்கே பெயர் சொல்லி விலக்கப்பட்டிருக்கிறது. மலட்டுத்தன்மை என்று மருத்துவர் முடிவு செய்யாத நிலையில், பரிசோதனைக்காக மட்டும் வருபவருக்கு அந்தக் கோடு. முடிவு எழுதிய பிறகு இரண்டையும் ஒரே கிளைமில் (காப்பீட்டுக் கோரிக்கையில்) வைக்கக் கூடாது.

யூராலஜி மேசை

ஐயா, விளக்கத்துக்கு நன்றி. இசட்31.41-ஐ ஒப்புக்கொள்கிறேன், அந்தக் குறிப்பை நான் பார்க்கவே இல்லை. ஆனால் என்46.11 என்பதன் பெயரே 'உறுப்புசார் ஒலிகோஸ்பெர்மியா' என்றுதானே இருக்கிறது? காரணம் தெரியாதபோது 'உறுப்புசார்' என்று நாமே முடிவு கட்டுவது, காரணத்தை ஊகிப்பதைவிட எந்த வகையில் மேல்?

கோவை ஆடிட்டர்

நல்ல கேள்வி. பெயரைப் பார்த்து எல்லோரும் தயங்கும் இடம் இது. அந்தக் கோட்டின் கீழேயே, வேறெதுவும் குறிப்பிடாத ஒலிகோஸ்பெர்மியாவும் இதில் அடங்கும் என்று சேர்ப்புக் குறிப்பு இருக்கிறது. விந்தில் விந்தணுவே இல்லாத ஏசூஸ்பெர்மியாவுக்கு என்46.01-இலும் அப்படியே. அதாவது காரணம் சொல்லப்படாதபோது அட்டவணை தானாகக் கொண்டு சேர்க்கும் இடம் இதுதான். 'உறுப்புசார்' என்று நீங்கள் முடிவு கட்டவில்லை. வகைப்பாடே அந்தப் பொறுப்பை ஏற்றுக்கொள்கிறது.

பழைய ஐசிடி-9 காலத்தில் வேலை செய்தவர்களுக்கு நினைவிருக்கும்: 606.0 ஏசூஸ்பெர்மியா, 606.1 ஒலிகோஸ்பெர்மியா, 606.8 விரைக்கு வெளியேயுள்ள காரணங்கள், 606.9 குறிப்பிடப்படாதது. நான்கே கோடுகளில் வேலை முடிந்துவிடும். 2015 அக்டோபர் 1 முதல் ஐசிடி-10-சிஎம் நடைமுறைக்கு வந்தபோது அந்த 606.8-ஐ உடைத்து, மருந்து, கிருமித்தொற்று, குழாய் அடைப்பு, கதிர்வீச்சு, உடல் முழுவதையும் பாதிக்கும் நோய், பிற என்று ஆறாகப் பிரித்து, அவற்றை ஏசூஸ்பெர்மியாவுக்கு ஒரு முறையும் ஒலிகோஸ்பெர்மியாவுக்கு ஒரு முறையும் வைத்தார்கள். கோடுகளின் எண்ணிக்கை பெருகியது. மருத்துவர்களின் குறிப்பு மட்டும் 606.9 காலத்திலேயே நின்றுவிட்டது. நம் தலைவலியின் பெரும்பகுதி அங்கிருந்துதான் வருகிறது.

ஆண்ட்ராலஜி ஆய்வகம்

நான் கோடர் அல்லன். திருச்சியில் ஒரு கருத்தரிப்பு மையத்தின் ஆய்வகத்தில் விந்தணு எண்ணுவதே என் பணி. நண்பர் ஒருவர் இந்த இழையைக் காட்டினார். அறிக்கையிலுள்ள எண்ணைப் பார்த்து நோயின் பெயரை எழுதக் கூடாது என்று மேலே சொல்லியிருப்பது வெறும் அலுவலக விதி என்று யாரேனும் நினைத்தால், எங்கள் மேசையில் வந்து ஒரு காலைப்பொழுது உட்கார வேண்டும்.

உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வகக் கையேட்டின் ஆறாம் பதிப்பு 2021-இல் வந்தது. அதில் விந்தணுச் செறிவின் கீழ் எல்லை மில்லிலிட்டருக்கு 1 கோடியே 60 லட்சம். 2010-இல் வந்த ஐந்தாம் பதிப்பில் அது 1 கோடியே 50 லட்சமாக இருந்தது. இந்த எல்லை, ஓராண்டுக்குள் மனைவி கருத்தரித்த ஆண்களை வரிசைப்படுத்தி, அதில் கடைசி 5 விழுக்காட்டினரைப் பிரிக்கும் எல்லைக்கோடு மட்டுமே. அதற்குக் கீழே இருப்பவர் மலடர் என்றோ, மேலே இருப்பவர் நலமானவர் என்றோ கையேடு சொல்லவில்லை.

ஒரு மாதிரி எப்படித் தவறாகிறது என்று பாருங்கள். கழிவறையை ஒட்டிய சிறிய அறையில் கூச்சத்தோடு மாதிரி எடுப்பவர், முதலில் வரும் பகுதியைக் கொள்கலத்துக்கு வெளியே விட்டுவிடுகிறார். விந்தணுக்கள் மிகுதியாக இருப்பது அந்த முதல் பகுதியில்தான். மிஞ்சியதை எண்ணினால் பாதிகூடத் தேறாது. அதனால்தான் 'மாதிரி முழுமையாகச் சேகரிக்கப்பட்டதா' என்ற கட்டத்தை எங்கள் படிவத்தில் வைத்திருக்கிறோம். இன்னொருவர் இரண்டு மாதத்துக்கு முன்பு கடும் காய்ச்சலில் படுத்திருந்தார். ஒரு விந்தணு உருவாக ஏறத்தாழ 74 நாள் ஆகும். அந்தக் காய்ச்சல் இன்றைய மாதிரியில்தான் தெரியும். உறவு தவிர்த்த நாள்கள் இரண்டுக்குக் குறைந்தாலும் ஏழுக்கு மிஞ்சினாலும் எண் மாறும். ஒரே மனிதருக்கு ஒரே மாதத்தில் இரண்டு மடங்கு வேறுபாட்டை நான் பலமுறை எண்ணியிருக்கிறேன்.

ஏசூஸ்பெர்மியா என்பதில் இன்னும் கவனம் வேண்டும். நுண்ணோக்கியின் கீழ் வைத்த துளியில் ஒன்றும் தென்படவில்லை என்றதும் 'இல்லை' என்று எழுதிவிட முடியாது. மாதிரியை 3000 ஜி விசையில் 15 நிமிடம் சுழற்றி, அடியில் படிந்ததைத் தேட வேண்டும். அதில் இரண்டு மூன்று விந்தணுக்கள் கிடைத்தால் கதையே வேறு. அவருக்கு விரையிலிருந்து ஊசியால் எடுக்காமலேயே, ஒரே விந்தணுவைச் சினைமுட்டைக்குள் செலுத்தும் இக்சி சிகிச்சைக்கு வழி பிறக்கலாம். சுழற்றாமல் எழுதிய 'இல்லை' என்ற அறிக்கையைக் கொண்டு ஒரு கோடர் என்46.01 இட்டால், அது அந்த மனிதரின் காப்பீட்டுப் பதிவில் எத்தனை ஆண்டுகள் தங்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

டினயல் பிரிவு

நான் கிளைம் திரும்பி வந்த பிறகு பார்ப்பவள். மேலே பேசப்பட்ட நுணுக்கங்களுக்கு முன்பே, மிகச் சாதாரணமான ஒரு பிழையால் இந்தப் பிரிவில் பணம் நின்றுபோகிறது: யாருடைய சார்ட் என்று பார்க்காமல் கோடு இடுவது. மனைவி தன் பெயரில் கருத்தரிப்பு மருத்துவரைப் பார்க்கிறார். அவருக்கு எல்லாம் இயல்பாக இருக்கிறது; குறை கணவரிடம் என்று மருத்துவர் எழுதுகிறார். கோடர் உடனே என்46.11-ஐ மனைவியின் கிளைமில் இட்டுவிடுகிறார். பெண் நோயாளிக்கு ஆண் கோடு என்று மென்பொருள் அதை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடும். மனைவியின் சார்ட்டுக்கு உரியது இசட்31.81, அதாவது பெண் நோயாளியிடம் ஆண்சார் மலட்டுத்தன்மைக்கான வருகை. என்46 வரிசை கணவரின் சொந்தச் சார்ட்டில் மட்டுமே வரும்.

நம் ஊர் மருத்துவமனைகளின் மருத்துவ ஆவணப் பிரிவிலிருந்து அமெரிக்கக் கோடிங்குக்கு வருபவர்கள் இதில் தடுமாறுவதற்கு ஒரு காரணம் உண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் மூல ஐசிடி-10-இல் என்97.4 என்று ஒன்று இருக்கிறது. ஆண்சார் காரணங்களோடு தொடர்புடைய பெண் மலட்டுத்தன்மை என்பது அதன் பொருள். அங்கே அதைப் பழகியவர்கள் இங்கும் தேடுவார்கள். அமெரிக்கத் திருத்தமான சிஎம் பதிப்பில் அது கிடையாது. பெண்ணிடம் நோயே இல்லாதபோது அவரை மலட்டுத்தன்மை உள்ளவர் என்று எழுதாமல் வருகையின் காரணத்தை மட்டும் எழுதுவது, என் கணிப்பில், அமெரிக்கப் பதிப்பு செய்த நல்ல காரியங்களில் ஒன்று.

மதுரை யூராலஜிஸ்ட்

மருத்துவர்கள் தரப்பிலிருந்து ஒருவன் பேசினால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது. முதலில், குற்றத்தில் பாதி எங்களுடையது. புறநோயாளர் பிரிவில் ஒரு காலையில் ஐம்பது பேரைப் பார்க்கும்போது, காரணத்தை மனத்தில் வைத்துக்கொண்டு விளைவை மட்டும் எழுதிவிடுகிறோம். அமெரிக்காவில் எண்ணிக்கை குறைவாக இருக்கலாம்; பழக்கம் ஒன்றுதான்.

தொடக்கத்தில் எழுதிய தம்பிக்கு ஒரு செய்தி. வெரிகோசீல் பொதுவாக ஆண்களில் ஏறத்தாழ 15 விழுக்காட்டினருக்கு இருக்கிறது. அவர்களில் மிகப் பலர் தகப்பன்மார்கள். முதல் குழந்தைக்கே முயன்றுகொண்டிருக்கும் மலட்டுத்தன்மை உள்ள ஆண்களிடம் அது 35 விழுக்காடு அளவுக்குக் காணப்படுகிறது. தொடர்பு உண்டு என்பதற்கு இது சான்று. ஆனால் இந்த ஒரு மனிதரிடம் அதுதான் காரணம் என்பதற்குச் சான்று ஆகாது. எஃப்எஸ்ஹெச் (விந்தணு உற்பத்தியைத் தூண்டும் ஹார்மோன்) அளவு வரட்டும் என்று அந்த மருத்துவர் காத்திருக்கிறார் என்பது அவருடைய திட்டத்திலேயே தெரிகிறது. அவர் முடிவு செய்யாததை நீங்கள் முடிவு செய்துவிட்டீர்கள்.

ஏசூஸ்பெர்மியாவில் நாங்கள் மனத்தில் வைத்திருக்கும் முதல் பிரிவு, அடைப்பா அல்லது உற்பத்திக் குறைவா என்பதே. விரைகள் சிறுத்து, எஃப்எஸ்ஹெச் உயர்ந்திருந்தால் உற்பத்திக் குறைவு. அளவும் ஹார்மோனும் இயல்பாக இருந்து, விந்தில் விந்தணு இல்லையென்றால் அடைப்பைத் தேடுவோம். ஒரு நோயாளியின் விரைப்பையை விரல்களுக்கிடையில் உருட்டிப் பார்க்கும்போது, கெட்டியான நூல்கயிறு போலத் தட்டுப்பட வேண்டிய விந்துக் குழாய் இரு பக்கமும் தட்டுப்படவில்லை. விந்தின் அளவு ஒரு மில்லிலிட்டருக்கும் குறைவு. இவ்வளவிலேயே பிறவியில் குழாய் இல்லை என்பது ஏறத்தாழ உறுதியாகிவிடும். பிறகு சிறுநீரகங்கள் இரண்டும் இருக்கின்றனவா என்று ஸ்கேனும், சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் மரபணுப் பரிசோதனையும் கேட்போம். 'இருபக்க விந்துக் குழாய் பிறவியிலேயே இல்லாததால் அடைப்புவகை ஏசூஸ்பெர்மியா' என்று நாங்கள் ஒரு வரி எழுதினால், உங்களுக்கு என்46.023-உம் க்யூ55.4-உம் தாமாகக் கிடைத்துவிடும் என்று நினைக்கிறேன். மாறாக, க்ரோமோசோம் அறிக்கை 47 எக்ஸ்எக்ஸ்ஒய் என்று வந்து க்ளைன்ஃபெல்டர் என நாங்கள் எழுதினால், குறை விரையிலேயே இருப்பதால் என்46.01-உடன் க்யூ98.0 என்று வர வேண்டும்.

ஒரு சிறிய குறையையும் சொல்லிவிடுகிறேன். தாளம்மை விரையைத் தாக்கி விந்தணு உற்பத்தியை அழிப்பது, மருத்துவ நோக்கில் விரைக்குள்ளேயே நடக்கும் அழிவு. உங்கள் வகைப்பாட்டில் கிருமித்தொற்று என்பது 'விரைக்கு வெளியேயுள்ள காரணங்கள்' என்ற கூரையின் கீழ் அமர்ந்திருக்கிறது. கதிர்வீச்சும் அப்படியே. இதை வகுத்தவர்கள் காரணம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தார்கள், சேதம் எங்கே நடக்கிறது என்று பார்க்கவில்லை போலும்.

கோவை ஆடிட்டர்

டாக்டர் சொன்ன க்யூ55.4 முற்றிலும் சரி. என்46.02, என்46.12 இரண்டின் கீழும் தொடர்புடைய காரணத்தையும் சேர்த்துக் கோடு இடும்படி குறிப்பு இருக்கிறது. அந்தக் குறிப்பு வரிசையைக் கட்டாயப்படுத்துவதில்லை. அன்றைய வருகை எதற்காக என்பதே முதல் இடத்தைத் தீர்மானிக்கும். மரபணு அறிக்கையில் நோய் இல்லாமல் கடத்துபவர் மட்டுமே என்று வந்து மருத்துவர் அதை எழுதியிருந்தால் இசட்14.1-உம் சேரும்.

ஆங்காலஜி கோடர்

மருந்தால் வரும் ஏசூஸ்பெர்மியா, என்46.021 பற்றி ஒரு கேள்வி. எங்கள் பிரிவில் விரைப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்ற இளைஞர்கள் வருகிறார்கள். கீமோவுக்கு முன்பே விந்தணுவை உறையவைத்துச் சேமிக்க அனுப்புகிறார்கள். அந்த வருகைக்கு என்46 இடலாமா என்று எங்கள் குழுவில் இருவேறு கருத்துகள் நிலவுகின்றன.

டினயல் பிரிவு

இடவே கூடாது. சேமிக்க வரும் நாளில் அவர் மலட்டுத்தன்மை உள்ளவர் அல்லர். வரப்போகும் சிகிச்சைக்கு அஞ்சி வருகிறார். ஆலோசனைக்கு மட்டும் வந்தால் இசட்31.62, சேமிப்புச் செயல்முறைக்கு வந்தால் இசட்31.84, இரண்டிலும் புற்றுநோயின் கோடும் சேர வேண்டும். உறையவைப்பதற்கு, மருத்துவச் செயல்முறைகளுக்கான சிபிடி கோடு 89259, ஆண்டுச் சேமிப்புக்கு 89343. இந்த இடத்தில் அவசரப்பட்டு என்46.9 இட்டால், மலட்டுத்தன்மைச் சிகிச்சைக்கு விலக்கு உள்ள பாலிசியில் அது போய் மாட்டிக்கொள்ளும். புற்றுநோய்ச் சிகிச்சையின் பகுதியாகச் சேமிப்பை ஏற்கும் பாலிசிகூட அப்போது கைவிரித்துவிடும்.

சில ஆண்டுகள் கழித்து அதே இளைஞர் வருகிறார், கீமோவால் ஏசூஸ்பெர்மியா என்று மருத்துவர் எழுதுகிறார் என்றால், முதலில் என்46.021, பிறகு புற்றுநோய் மருந்தின் பக்கவிளைவுக்கு டி45.1எக்ஸ்5, மருந்து நின்று விளைவு மட்டும் தங்கிவிட்டதால் ஏழாம் எழுத்தாக எஸ், இவற்றோடு கீமோ பெற்ற வரலாற்றுக்கு இசட்92.21, விரைப் புற்றுநோய் வரலாற்றுக்கு இசட்85.47.

ஆங்காலஜி கோடர்

மிக்க நன்றி அக்கா. அப்படியானால் உடற்பயிற்சிக் கூடத்தில் டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டுக்கொண்டு எண்ணிக்கை விழுந்தவருக்கும் இதே முறையில் அந்த ஹார்மோனின் பக்கவிளைவுக்கான டி38.7எக்ஸ்5 இடலாம் அல்லவா?

கோவை ஆடிட்டர்

அங்கேதான் நிறுத்த வேண்டும். பக்கவிளைவு என்பது முறையாகப் பரிந்துரைக்கப்பட்டு, முறையாக எடுத்துக்கொள்ளப்பட்ட மருந்துக்கு உரிய சொல். மருத்துவர் எழுதிக்கொடுத்த டெஸ்டோஸ்டிரோனால் விந்தணு குறைந்தால் டி38.7எக்ஸ்5 பொருந்தும். பயிற்சியாளர் யாரோ கொடுத்த குப்பியிலிருந்து தானே போட்டுக்கொண்டவருக்கு அது பொருந்தாது. அது நச்சேற்றம் என்ற வகைக்குப் போகிறதா, எஃப்55.3 என்ற ஹார்மோன் தவறான பயன்பாட்டுக்குப் போகிறதா என்பதை மருத்துவர் எழுதியிருப்பதைப் பொறுத்தே சொல்ல முடியும். எழுதவில்லை என்றால் மருத்துவரிடம் விளக்கம் கேட்டுக் குவெரி அனுப்புங்கள். நச்சேற்றமாக இருந்தால் வரிசையும் தலைகீழாகும், டி கோடு முன்னால் வரும்.

புதிய கோடர்

குடும்பக் கட்டுப்பாட்டு அறுவை செய்துகொண்டவருக்கு விந்தணு இல்லை என்று அறிக்கை வந்தால் என்46.023 இடலாமா? குழாய் அடைபட்டுத்தானே இருக்கிறது?

டினயல் பிரிவு

இல்லை. அது நோயல்ல, அவர் கேட்டுப் பெற்றது. அந்த அறுவை செய்துகொண்ட நிலைக்கான இசட்98.52 என்46-இலிருந்து எக்ஸ்க்ளூட்ஸ்1 மூலம் விலக்கப்பட்டிருக்கிறது. அறுவைக்குப் பின் விந்தணு நின்றுவிட்டதா என்று பார்க்கும் பரிசோதனைக்கு இசட்30.8. அதே மருத்துவர் அந்தப் பரிசோதனைக்குத் தனிக் கட்டணம் கேட்கவும் முடியாது. சிபிடி 55250-இலேயே அது அடங்கிவிடுகிறது. மீண்டும் இணைக்க வருகிறார் என்றால் இசட்31.0, இணைத்த பிறகு எண்ணிப் பார்க்க வந்தால் இசட்31.42.

வேகமான கோடர்

எல்லாரும் நூல் பிடித்துப் பேசுகிறீர்கள். நடைமுறையைச் சொல்கிறேன். தொடக்கத்தில் எழுதியவரின் நோயாளிக்கு நாளை வெரிகோசீல் அறுவை நடக்கும், சிபிடி 55530. மலட்டுத்தன்மை என்று முதலில் வைத்தால் பல பாலிசிகளில் டினயல் (நிராகரிப்பு) நிச்சயம். ஐ86.1-ஐ முதலில் வைத்து, விரை வலி என்50.812-ஐ இரண்டாவதாகச் சேர்த்து, என்46-ஐ விட்டுவிட்டால் பணம் வந்துவிடும். நோயாளிக்கும் நல்லது, கிளினிக்குக்கும் நல்லது.

கோவை ஆடிட்டர்

இதை மென்மையாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. அந்தக் குறிப்பில் வலி என்ற சொல்லே இல்லை. இல்லாத வலியை எழுதிப் பணம் வாங்குவதற்குப் பெயர் பொய்க் கோரிக்கை. அரசுக் காப்பீடாக இருந்தால் 1863-இல் லிங்கன் காலத்தில் வந்த பொய்க் கோரிக்கைச் சட்டம் இன்றும் உயிரோடு இருக்கிறது. இழப்பின் மூன்று மடங்கு வரை வசூலிக்க அதில் இடமுண்டு. நோயாளிக்கு உண்மையிலேயே வலி இருந்து மருத்துவர் எழுதியிருந்தால் தாராளமாக என்50.812 இடுங்கள். மலட்டுத்தன்மைக்காகவே அறுவை என்று மருத்துவர் எழுதியிருந்தால், அதை விட்டுவிடவும் உங்களுக்கு உரிமை இல்லை.

பாலிசியில் விலக்கு இருப்பது நியாயமா என்பது வேறு சண்டை. மாசசூசெட்ஸ் மாநிலம் 1987-லேயே மலட்டுத்தன்மைச் சிகிச்சைக்குக் காப்பீடு தர வேண்டும் என்று சட்டம் இயற்றியது. ஆனால் பெரிய நிறுவனங்கள் தாமே பணம் போட்டு நடத்தும் திட்டங்கள் 1974-ஆம் ஆண்டின் கூட்டரசுச் சட்டத்தின் கீழ் வருவதால் மாநிலச் சட்டம் அவற்றைக் கட்டுப்படுத்தாது. நம் நாட்டிலும் தரப்படுத்தப்பட்ட விலக்குப் பட்டியலில் மலட்டுத்தன்மை இடம்பெற்றிருக்கிறது. இந்தச் சண்டையைப் போட வேண்டிய இடம் சட்டமன்றம், கோடரின் விசைப்பலகை அன்று.

யூராலஜி மேசை

மறுப்பு எழுதும் எண்ணத்தைக் கைவிட்டுவிட்டேன். கிளைம் இன்னும் போகவில்லை என்பதால் குவெரி அனுப்ப மேலாளர் ஒப்புக்கொண்டார். நான் எழுதியது இது. அனுப்பும் முன் யாரேனும் பார்த்துச் சொல்லுங்கள்:

'நோயாளிக்கு இடப்பக்க வெரிகோசீல் உள்ளது. விந்தணு எண்ணிக்கை குறைந்துள்ளது. வெரிகோசீல் காரணமாக ஒலிகோஸ்பெர்மியா என்று குறிப்பில் சேர்க்க முடியுமா? அவ்வாறு சேர்த்தால் மேலும் துல்லியமான கோடு இட இயலும்.'

கோவை ஆடிட்டர்

இதை அனுப்பினால் இரண்டாவது முறையாக ஆடிட்டில் விழுவீர்கள். விடையை நீங்களே சொல்லிவிட்டு, 'ஆம்' என்று மட்டும் சொல்லச் சொல்கிறீர்கள். போதாததற்கு, சொன்னால் என்ன பயன் என்றும் எழுதியிருக்கிறீர்கள். குவெரியில் கோடு, பணம், தரவரிசை எதுவும் வாய் திறக்கக் கூடாது. சார்ட்டில் உள்ள குறிகளை உள்ளபடி எடுத்து வைத்து, மருத்துவரின் முடிவைக் கேளுங்கள். இப்படி எழுதிப் பாருங்கள்:

'இவ்வருகையின் முடிவுப் பகுதியில் மலட்டுத்தன்மை, இடப்பக்க வெரிகோசீல் ஆகியவை குறிக்கப்பட்டுள்ளன. இணைக்கப்பட்ட இரண்டு விந்துப் பரிசோதனைகளில் செறிவு முறையே மில்லிலிட்டருக்கு 60 லட்சம், 75 லட்சம். இந்த முடிவுகளுக்கு மருத்துவ முக்கியத்துவம் உண்டெனில், அவற்றுக்குரிய நோய்முடிவையும், அறியப்பட்டிருந்தால் அதன் காரணத்தையும் தங்கள் மருத்துவக் கணிப்பின்படி குறிப்பிட வேண்டுகிறோம். காரணம் தற்போது தீர்மானிக்கப்படவில்லை எனில் அவ்வாறே குறிப்பிடலாம்.'

கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். 'தெரியவில்லை' என்று சொல்வதற்கு மருத்துவருக்கு ஒரு கதவு திறந்திருக்க வேண்டும்.

மதுரை யூராலஜிஸ்ட்

இரண்டாவது குவெரி எனக்கு வந்திருந்தால் ஒரு நிமிடத்தில் பதில் எழுதியிருப்பேன். முதலாவது வந்திருந்தால், யோசிக்காமல் 'ஆம்' என்று எழுதியிருப்பேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

யூராலஜி மேசை

ஆறு நாள்களுக்குப் பிறகு இழைக்குத் திரும்புகிறேன். மருத்துவர் பின்னிணைப்பாக ஒரு வரி எழுதி, தேதியிட்டுக் கையெழுத்திட்டிருக்கிறார்: 'ஒலிகோஸ்பெர்மியா, வெரிகோசீலால் இருக்கக்கூடும், ஹார்மோன் முடிவுகள் வர வேண்டும்.'

படித்ததும் என்46.129 என்று தட்டச்சு செய்யக் கை போனது. 'இருக்கக்கூடும்' என்ற சொல்லில் நின்றேன். வெளிநோயாளர் கோடிங்கில் ஐயத்துக்குரியவற்றை உறுதியானவை போல இடக் கூடாது என்பதால், ஒலிகோஸ்பெர்மியா உறுதி, காரணம் ஐயம் என்று பிரித்து, என்46.11-ஐயும் ஐ86.1-ஐயும் இட்டு அனுப்பினேன். இம்முறை ஆடிட்டர் ஏற்றுக்கொண்டார். எஃப்எஸ்ஹெச் அறிக்கை இன்று காலை சார்ட்டில் சேர்ந்திருக்கிறது. மருத்துவர் அதைப் பற்றி இன்னும் எதுவும் எழுதவில்லை, நானும் அதைத் திறந்து பார்க்கவில்லை.